எல்லைக்கோட்டு வருமானம்: புதுச்சேரியின் வரவும் செலவும்

இந்தியாவுக்கு ஒரு சுதந்திர நாள். புதுச்சேரி அரசு விடுதலைக்காக மூன்று நாள் கொடியேற்றுகிறது. ஆகஸ்ட் 15 நாட்டுக்குரியது. நவம்பர் 1, பிரெஞ்சுக்காரர் 1954-இல் நிர்வாகத்தைக் கைமாற்றிய விடுதலை நாள். ஆகஸ்ட் 16, அந்தக் கைமாற்றம் 1962-இல் சட்டப்படி முடிந்த நாள்.

ஊரின் அளவு சிறியது. நான்கு துண்டுகளையும் சேர்த்து 490 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 12,47,953 பேர்: புதுச்சேரியில் 9,50,289, காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாகியில் 41,816. வாழ்க்கைத் தரம் தாழ்ந்ததன்று. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் நாட்டின் சராசரி 14.96 சதவீதம், தமிழ்நாடு 2.20, புதுச்சேரி 0.85.

விடுதலை நாள் மூன்று, வறுமை ஒரு சதவீதத்துக்கும் கீழ் என்றால் நிறைவான ஊர் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் இந்த வளமும் விடுதலையும் யார் தந்து வந்தவை, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பழைய கணக்கைப் புரட்டினால் ஒரு பழக்கம் தெரிகிறது. புதுச்சேரியில் வளம் என்பது பெரும்பாலும் அண்டைப் பகுதிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் கிடைத்த வரவு. விடுதலை என்பது பெரும்பாலும் தொலைவில் உள்ள தலைநகரத்திலிருந்து வந்த காகிதம்.

கொடிக் கணக்கு

பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கியது. 1673-இல் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநரான ஷேர்கான் லோடியிடம் இங்கே தங்க அனுமதி பெற்றது. அதற்குப் பின் கொடி மாறிய ஆண்டுகள் இவை:

1693: டச்சுக்காரர் பிடித்தனர். 1699: திரும்பியது.
1761: ஆங்கிலேயர் பிடித்தனர். 1765: திரும்பியது.
1778: ஆங்கிலேயர். 1785: திரும்பியது.
1793: ஆங்கிலேயர். 1816: திரும்பியது.
1954: இந்தியா.

மொத்தம் ஒன்பது மாற்றங்கள். 281 ஆண்டில் ஏறக்குறைய 40 ஆண்டு ஊர் வேறு ஐரோப்பியர் கையில் இருந்தது. 1761-இல் வென்ற ஆங்கிலேயர் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பு முகவர்) ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் ஊரின் வரவு செலவையும் வம்பையும் தமிழில் எழுதி வைத்தவர், நகரம் சரணடைவதற்குச் சில நாள் முன் கண்ணை மூடினார்.

இந்த ஒன்பதில் எட்டு மாற்றங்களில் ஊராரை யாரும் கேட்கவில்லை. ஐரோப்பியர் போர்கள் இங்கே கொடியை இறக்கின, இரைஸ்விக், பாரிஸ், வெர்சாய் என்று ஐரோப்பாவில் எழுதிய உடன்படிக்கைகள் மீண்டும் ஏற்றின. அரசு என்றால் எங்கோ முடிவாகி இங்கே வந்து சேர்வது என்ற எண்ணம் நான்கு தலைமுறையில் ஊறியிருக்கும்.

உப்பு: ஆண்டுக்கு 4 லட்சம்

1814-இன் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைத் திருப்பித் தந்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தது: கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையானதற்கு மேல் படை வைக்கக் கூடாது. மறு ஆண்டு 1815 மார்ச் 7-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் பொருளாதாரத்தைக் கட்டியது. பிரெஞ்சுப் பகுதியில் உள்ளூர்த் தேவைக்கு மேல் விளையும் உப்பு ஆங்கிலக் கம்பெனிக்கே போக வேண்டும். ஈடாகக் கம்பெனி ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தரும். கூடவே ஆண்டுக்கு 300 பெட்டி அபினும் கல்கத்தா விலையில் கிடைக்கும்.

கடற்கரை முழுதும் உப்பு விளையக்கூடிய ஒரு நாடு, உப்பை வணிகம் செய்யாமல் இருப்பதற்காகப் பணம் வாங்கியது. அளம் வைத்திருந்தவர்களுக்கு நட்டம், அரசுக்கு உறுதியான வரவு. நூற்றுப் பதினைந்து ஆண்டு கழித்து, 1930 ஏப்ரல் 30-இல், காரைக்காலுக்குத் தெற்கே வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ஒரே கரையில் உப்பு அங்கே சுதந்திரத்தின் பொருளானது, இங்கே ஆண்டுத் தொகையாகவே இருந்தது. எல்லையே வருமானம் தரும் என்று இந்த ஊருக்குக் கற்றுத்தந்த முதல் பெரிய கணக்கு இதுதான்.

ஆள் கணக்கு

1848 ஏப்ரல் 27-இல் பாரிசில் அடிமைமுறை ஒழிப்பு ஆணை பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரெயூனியன் தீவில் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அந்தத் தேவையைத் தீர்க்கும் துறைமுகங்கள் ஆயின.

1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் தமிழ்க் கூலிகளின் முதல் தொகுதியை மர்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் சேர்ந்தது. 1861-இன் ஒப்பந்தம் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்கப் பிரான்சுக்கு வழி திறந்தது. 1880-களின் இறுதிக்குள் போனவர் தொகை: குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000, மர்த்தினிக்குக்கு 25,000, ரெயூனியனுக்கு அந்த நூற்றாண்டு முழுதும் சேர்த்து ஏறத்தாழ 1,20,000. கூட்டினால் 1,87,000. எல்லோரும் புதுவைக் கடற்கரையில் கப்பலேறியவர்கள் அல்லர். ஆயினும் அதில் பெரும்பங்கு தமிழர்.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. பலர் திரும்பவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே வாக்குரிமை உண்டா என்ற வழக்கை குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கினார். தீர்ந்தது 1923-இல். பத்தொன்பது ஆண்டு. அவர் வழக்காடிய காலத்தில் அவருடைய முன்னோர் மண்ணில் இருந்தவர்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்கள் ஒரே அரசின் கீழ் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு விலையில் விற்றன.

வாக்குக் கணக்கு

பிரெஞ்சு இந்தியாவுக்குப் பாரிசில் ஓர் இடம் 1848-இல் கிடைத்தது. விரைவிலேயே பறிபோய் 1871-இல் திரும்பியது. 1880 மார்ச் 12-இன் ஆணை பத்து கொம்யூன்களை (நகராட்சிகளை) அமைத்தது: புதுச்சேரிப் பகுதியில் நான்கு, காரைக்காலில் மூன்று, வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர், மாகி, ஏனாம். 1907-இல் அவை பதினேழாயின. ஒவ்வொன்றுக்கும் மேயர், தேர்ந்தெடுத்த மன்றம், மெரி என்று ஊரார் அழைத்த அலுவலகம். அப்போது சென்னை மாகாணத்தில் வாக்கு என்பது சொத்துள்ள சிலருக்கே.

இது ஏட்டில் இருந்த பெருமை. நடப்பில் வாக்காளர் பட்டியல் ஒன்றாக இல்லை. 1881 செப்டம்பர் 21-இன் ஆணைப்படி தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள் ஆனார்கள். சாதியின் அடித்தட்டில் இருந்தவர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் அது ஒரு வாசல். குடும்பப் பெயர் கூடப் புதிதாக வைத்துக்கொண்டார்கள். 1884-இல் ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்று பட்டியல். 1899-இல் அது இரண்டானது. சில நூறு ஐரோப்பியரின் வாக்குக்கு இருந்த எடை பல்லாயிரம் இந்தியரின் வாக்குக்கு இல்லை. உள்ளூர் அரசியல் தலைவர் நாடா சண்முக வேலாயுத முதலியார் காலத்துத் தேர்தல்களில் தொடங்கி அடிதடியும் கள்ள ஓட்டும் வழக்கமாகிவிட்டன.

எல்லோருக்கும் ஒரே பட்டியல் வந்தது 1945-இல்தான். 1946-இல் ஆணும் பெண்ணும் வாக்களித்து 44 பேர் கொண்ட பிரதிநிதி சபை அமைந்தது: புதுச்சேரி 22, காரைக்கால் 12, சந்திரநாகூர் 5, மாகி 3, ஏனாம் 2. இந்தியா முழுதும் அப்படி வாக்களித்தது 1951–52-இல். ஐந்து ஆண்டு முந்தியதும் எல்லை தந்த வித்தியாசமே.

அடைக்கலமும் கள்ளச் சரக்கும்

எல்லை பணம் மட்டும் தரவில்லை. 1908-இல் பாரதியார் இங்கே வந்து 1918 நவம்பர் வரை, பத்து ஆண்டு, பிரிட்டிஷ் வாரண்டுக்கு எட்டாமல் இருந்தார். "இந்தியா" இதழ் 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை இங்கிருந்து வெளிவந்தது. 1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் சேர்ந்தார். பாரதி எல்லையைத் தாண்டிய நாளிலேயே கடலூர்ப் பக்கம் கைதானார். அந்தக் கோட்டுக்கு இருந்த பலத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

அதே கோடு சரக்குக்கும் பயன்பட்டது. சுங்கம் குறைந்த துறைமுகம் என்பதால் வெளிநாட்டுப் பொருள் இங்கே மலிவு. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. 1949-இல் இந்திய அரசு அதை முறித்துச் சுற்றிலும் சோதனைச் சாவடி போட்டது. தங்கம், வைரம், கைக்கடிகாரம் கடத்துவது அந்த ஆண்டுகளில் பெரிய தொழில். இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்ற அரசியல் வாதத்துக்குப் பின்னால் இந்தப் பணமும் நின்றது.

12 உயிர், 8 மணி நேரம்

கணக்கில் ஒரு பதிவு மட்டும் வேறு மாதிரி. அது எல்லையால் வந்ததன்று.

புதுச்சேரியின் மூன்று பஞ்சாலைகள் பின்னாளில் சுதேசி மில் ஆன சவானா, ரோடியர், பின்னாளில் பாரதி மில் எனப்பட்ட ஆலை. நூலும் நீலத் துணியும் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை போயின. செனகலில் அந்த நீலத் துணி பண்டமாற்றில் பணமாகவே செல்லுபடியானது. அதை நெய்தவர்களின் வேலை நாளோ பத்து மணி நேரத்துக்கும் மேல் நீண்டது.

1936 ஜூன் 21-இல் பிரான்சில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு வாரம் 40 மணி நேர வேலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 39 நாள் கழித்து, ஜூலை 30-இல், அதே அரசின் கொடிக்குக் கீழ் சவானா மில் வாசலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தலைமையில் போராட்டம் தொடர்ந்தது. அவர் பாரிஸ் வரை போய் வாதாடினார். 1937 ஏப்ரல் 6-இல் எட்டு மணி நேர வேலை ஆணை வந்தது. சூட்டுக்கும் ஆணைக்கும் இடையே 250 நாள்.

ஆசியாவிலேயே முதல் எட்டு மணி நேரம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அண்டையில் என்ன நிலை என்று பார்த்தால் போதும். பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று வைத்திருந்தது. வாரம் 48 மணி என்றானது 1946-இல். ஒன்பது ஆண்டு முந்தினோம். தலைக்கணக்கில் 12 பேர் கொடுத்து வாங்கிய ஒன்பது ஆண்டு அது.

இந்த வரவுக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும். ரோடியர் மில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், அதாவது ஏஎஃப்டி, என்ற பெயரில் 1986-இல் அரசுக் கழகத்தின் கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அதன் கூரைகளைப் பிய்த்தது. 2020 ஏப்ரல் 30, மே தினத்துக்கு முதல் நாள், நிரந்தரமாக மூடினார்கள். சுதேசி, பாரதி மில்களும் அந்த ஆண்டே மூடின. ஜூலை 30 தியாகிகள் நாளன்று மாலை போடுவது மட்டும் ஆண்டுதோறும் நடக்கிறது.

178 பேர்

சந்திரநாகூர் 1949 ஜூன் 19-இல் நேரடியாக வாக்களித்தது: இணைப்புக்கு ஆதரவு 7,463, எதிர்ப்பு 114. மற்ற நான்கு பகுதிகளில் அப்படி நடக்கவில்லை. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தலைவராக இருந்த குபேர் உள்ளிட்டோர் இணைப்புப் பக்கம் திரும்பினர். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விடுபட்டன. அக்டோபர் 18-இல் கீழூரில் சபை உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் கூடினர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. மக்கள் மூன்று லட்சத்துக்கு மேல், கை தூக்கும் உரிமை 178 பேருக்கு. பதினான்கு நாளில், நவம்பர் 1-இல், நிர்வாகம் கைமாறியது.

சட்டக் காகிதம் மெதுவாக வந்தது. 1956 மே 28-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல் ஒப்பியது. அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு இன்றைய புதுச்சேரியின் அடித்தளம்: தனி நிர்வாக நிலை தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும். ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர் ஏறத்தாழ 5,000. அவர்களிலும் அவர்கள் வழியினரிலும் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் ஓய்வூதியம் இன்றும் பல தெருக்களில் குடும்ப வருமானம். 2024 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம் சேர்த்துச் சுமார் 4,500 பேருக்கு வாக்கு இருந்தது.

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சை எடுத்தபோது ஊர் கொதித்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. விடுதலைக்குப் பின் இந்த ஊர் தெருவுக்கு இறங்கிய பெரிய போராட்டம் எல்லையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான்.

இன்றைய வரவு

2025–26 நிதிநிலை அறிக்கை 13,600 கோடி ரூபாய்.

சொந்த வருவாய்: 7,641.40 கோடி (56.2 சதவீதம்)
மத்திய உதவி: 3,432.18 கோடி (25.2)
கடன்: 2,101.42 கோடி (15.5)
மத்தியத் திட்டம், சாலை நிதி: 425 கோடி (3.1)

2007 டிசம்பர் வரை புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கு கிடையாது. பற்றாக்குறை விழுந்தால் மத்திய அரசின் கணக்கில் சேரும். அதன் பின் கடன் நம் தலையில். ஒன்றியப் பகுதி என்பதால் நிதிக்குழுவின் பங்கீட்டில் இடமில்லை. 2021–26 காலத்தில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், நமக்குச் சுழி.

சொந்த வருவாயிலும் எல்லைக்கோட்டின் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, இங்கே 18, விலையும் குறைவு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வாரக்கடைசியில் வரும் கூட்டம் கலால் வரியாகிறது. வண்டி வரி குறைவு என்பதால் கேரளத்தின் சொகுசு கார்கள் இங்கே பதிவானது 2017-இல் வழக்கானது. விற்பனை வரிச் சலுகைக்காக வந்த ஆலைகளுக்கு அதே ஆண்டு ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் இங்கே தங்க ஒரு காரணம் குறைந்தது. 1815-இல் உப்பு, 1949-இல் கைக்கடிகாரம், இன்று மது. சரக்கு மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. அண்டை மாநிலம் தன் விலையை மாற்றினால் நம் வரவு ஆடும்.

காலியான பத்தி

சட்டப்பேரவைக்கு 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், சராசரியாக 41,598 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கலாம். புதுச்சேரி அரசைக் கேட்காமலே நியமிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை எதிர்த்தும் நிதிக்காகவும் மாநில அந்தஸ்து கேட்டுப் பேரவை பத்துக்கும் மேற்பட்ட முறை தீர்மானம் போட்டுவிட்டது. கோரிக்கை நியாயமானது. தேர்ந்தெடுத்த அரசின் கையைக் கட்டும் ஏற்பாட்டை யாரும் விடுதலை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1880-இல் பத்து, 1907-இல் பதினேழு கொம்யூன்களுக்குத் தேர்தல் நடந்த நிலம் இது. இந்தியாவோடு இணைந்த பின் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், 38 ஆண்டு இடைவெளியில், 5 நகராட்சிக்கும் 10 கொம்யூன் பஞ்சாயத்துக்கும் 98 கிராமப் பஞ்சாயத்துக்கும். பதவிக் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி குறித்து, இடஒதுக்கீட்டுச் சர்ச்சையில் திரும்பப் பெற்றார்கள். 1963-இல் ஒன்றியப் பகுதியாகிய பிறகு அறுபது ஆண்டில் இரண்டே தேர்தல். வாய்க்காலும் தெருவிளக்கும் அதிகாரிகள் கையில்.

மாநில அந்தஸ்தைத் தருவது தில்லி. உள்ளாட்சித் தேர்தலை நடத்திக்கொள்வது நாம். முதலாவதற்குப் பத்துக்கு மேல் தீர்மானம். இரண்டாவதற்காக 1979-ஐப் போல ஊர் ஒரு நாளும் தெருவுக்கு வரவில்லை. தலைநகரத்தைப் பார்த்துக் கேட்கும் உரிமைக்குக் குரல் கொடுக்க 350 ஆண்டு நம்மைப் பழக்கியிருக்கிறது. நம் தெருவில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டிய உரிமை நம் கணக்கிலேயே ஏறவில்லை. 1936-இன் பன்னிரண்டு பேர் அந்தப் பழக்கத்தை ஒரு முறை உடைத்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்ற அளவுக்கு இன்று எதுவும் எதிரே நிற்கவில்லை. வார்டு எல்லையும் இடஒதுக்கீடும் தீர்த்து, தேதி குறித்து, வாக்குப்பெட்டி வைப்பது 13,600 கோடி நிதிநிலையில் மிகச் சிறிய செலவு.